ஸ்பானிஷில் தன்னறிமுகம்: ஒவ்வொரு வரியிலும் ‘யோ’ வேண்டுமா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். கைப்பேசிச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்திருக்கிறேன், இன்னும் அரிச்சுவடி நிலைதான். எங்கள் அலுவலகம் இனி மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்து அணியோடு சேர்ந்து வேலை செய்யப் போகிறது. முதல் வீடியோ காலில் ஆளுக்கு நாலு வரி ஸ்பானிஷில் சொன்னால் நன்றாக இருக்கும் என்று மேலாளர் ஆசைப்படுகிறார். தமிழ் எழுத்தில் நான் எழுதி வைத்திருப்பது இதுதான்:

“ஓலா. யோ மெ யாமோ எஸ் ஜெயவேல். யோ சோய் த்ரெயின்டா அனோஸ். யோ சோய் உன் இன்ஹெனியெரோ. யோ சோய் என் மதுரை. யோ சோய் எக்ஸிதாதோ.”

சொல்ல நினைப்பது: என் பெயர் ஜெயவேல், வயது முப்பது, பொறியாளர், மதுரையில் இருக்கிறேன், உங்களோடு வேலை செய்வதில் உற்சாகம். ஒவ்வொரு வரியிலும் ‘யோ’ (நான்) வேண்டுமா என்பதையும் சேர்த்து, விவரம் தெரிந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்.

மத்ரித்வாசி:
நண்பரே, கடைசி வரியை முதலில் அழித்துவிடுங்கள். ‘எக்ஸிதாதோ’ என்றால் அங்கே பலருக்கும் காம உணர்ச்சிதான் நினைவுக்கு வரும். முதல் நாள் கூட்டத்தில் வேண்டாம். உற்சாகத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் ‘எஸ்தோய் முய் கொன்தென்தோ’ போதும், மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று பொருள்.

அடுத்த அவசரம் வயது. இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஸ்பானிஷில் வயதாக ‘இருக்க’ முடியாது, வயதை ‘வைத்திருக்க’ வேண்டும். அதனால் ‘சோய்’ கிடையாது, ‘தெங்கோ த்ரெயின்தா அஞோஸ்’. அதில் ‘ஞ’ முக்கியம். ஆண்டைக் குறிக்கும் சொல்லில் ‘ன’ எழுத்துக்கு மேல் ஒரு சிறு அலை இருக்கும். அந்த அலையை விட்டுவிட்டு ‘அனோஸ்’ என்றால் அது ஆசனவாய், அதுவும் முப்பது! ஸ்பானிஷ் படிக்கும் எல்லோரிடமும் முதல் வாரத்திலேயே சொல்லிச் சிரிக்கும் பழைய கதை இது. ஞாயிறு, ஞானம் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இந்த ஒலியில் தகராறு வரவே கூடாது.

மற்றவை:
‘மெ யாமோ’ என்பதிலேயே வினை இருக்கிறது. அதன் பின்னால் ‘எஸ்’ வந்தால் ஒரே வாக்கியத்தில் இரண்டு வினை. ‘மெ யாமோ ஜெயவேல்’ அல்லது ‘மி நோம்ப்ரெ எஸ் ஜெயவேல்’. இரண்டையும் குழைக்க வேண்டாம். வெறுமனே ‘சோய் ஜெயவேல்’ என்றாலும் மிக இயல்பு, இங்கே மத்ரித்தில் அதுதான் அதிகம் காதில் விழுகிறது.
தொழிலுக்கு முன்னால் ‘உன்’ வேண்டாம். ‘சோய் இன்ஹெனியெரோ’. பெண் என்றால் ‘இன்ஹெனியெரா’.
ஊருக்கு: பிறந்து வளர்ந்த ஊர் என்றால் ‘சோய் தெ மதுரை’. இப்போது வசிக்கும் இடம் என்றால் ‘பீபோ என் மதுரை’.

சுண்டல்:
மத்ரித்வாசி சொன்ன எல்லாம் சரி. ஆனால் வைகைக்கரை, உங்கள் வரிகளில் எல்லாம் ஆங்கிலம் உட்கார்ந்திருக்கிறது. ‘ஐ ஆம், ஐ ஆம், ஐ ஆம்’ என்று மனதுக்குள் ஓடுகிறது, அதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றியிருக்கிறீர்கள். அந்த ஐந்து ‘யோ’ அங்கிருந்து வந்தவைதான்.

கொஞ்சம் யோசியுங்கள். தமிழில் “மதுரையில் வசிக்கிறேன், பொறியாளராக வேலை பார்க்கிறேன்” என்று சொன்னால் நான் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ‘-ஏன்’ விகுதியே போதும். ஸ்பானிஷிலும் அதே கதைதான். ‘பீபோ’ (வசிக்கிறேன்), ‘த்ரபாஹோ’ (வேலை பார்க்கிறேன்), ‘ஆப்லோ’ (பேசுகிறேன்), ‘தெங்கோ’ (வைத்திருக்கிறேன்) எல்லாவற்றிலும் வாலில் இருக்கும் ‘ஓ’ நம்முடைய ‘ஏன்’. ஒவ்வொரு வரிக்கும் ‘யோ’ போட்டால் “நான் ஜெயவேல், நான் பொறியாளர், நான் மதுரை, நான், நான்…” என்று மார்தட்டுகிற மாதிரி கேட்கும். “அவர் சோதனைப் பிரிவு, நானோ வடிவமைப்பு” என்று எதிர்நிறுத்திப் பேசும்போது மட்டும் வையுங்கள்.

அடுத்தது, விருப்பத்தைச் சொல்வது. ‘மெ குஸ்தா எல் கஃபே’. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் இதில் திண்டாடுவார்கள், ஏனென்றால் காபிதான் இங்கே எழுவாய். நமக்கு என்ன கஷ்டம்? ‘எனக்குக் காபி பிடிக்கும்’. ‘மெ’ என்றால் எனக்கு, அவ்வளவுதான். பிடித்தவை ஒன்றுக்கு மேல் என்றால் ‘மெ குஸ்தான்’.

கணக்குப்பிள்ளை:
சுண்டல் சொல்வதைப் படித்தால் தமிழன் நாளைக் காலையே ஸ்பானிஷ் பேசிவிடலாம் போலிருக்கிறது. பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதை நிறுத்துங்கள். நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான், ‘த’ ஒன்றுதான். ஸ்பானிஷில் வல்லொலியும் மெல்லொலியும் தனித்தனி எழுத்து, தனித்தனிப் பொருள். எவ்வளவு என்று கேட்கும் சொல்லையும் எப்போது என்று கேட்கும் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் ‘குவாந்தோ’ ஆகிவிடும். எழுத்து மட்டும் என்றால் பரவாயில்லை, நாக்கும் அப்படித்தான் பழகியிருக்கிறது. மூக்கொலிக்குப் பின்னால் வல்லினம் வந்தால் நாம் தன்னிச்சையாக மெலிக்கிறோம்: பந்து, சங்கு, அம்பு. அதே பழக்கத்தில் முப்பதைக் குறிக்கும் சொல்லைச் சொன்னால் ‘ந்த்’ என்று குழைந்துவிடும். அங்கே ‘ன்’ தனியாக நின்று, ‘த்’ பத்து என்பதில் வருவது போலக் கெட்டியாக விழ வேண்டும்.

மெக்சிகோக்காரர்களோடு பழகப் போகிறவருக்கு இன்னொன்று. அந்த நாட்டுப் பணம் பெசோ. முத்தமும் பெசோதான், முதல் எழுத்து மட்டும் மெலிந்தது. கடைக்காரரிடம் இது எத்தனை முத்தம் என்று கேட்காமல் இருக்க உதட்டுக்குப் பயிற்சி கொடுங்கள்.

மூன்றாவது, பால். நம் மொழியில் மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண் பெண் கிடையாது. அங்கே எல்லாவற்றுக்கும் உண்டு. ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்பதற்குச் சொல்லும் ‘என்கன்தாதோ’ கூடப் பெண் சொன்னால் ‘என்கன்தாதா’. பேசுகிறவருடைய பால்தான் கணக்கு, எதிரே இருப்பவருடையது இல்லை. குழப்பமாக இருந்தால் ‘முச்சோ குஸ்தோ’ சொல்லிவிடுங்கள், அது யாருக்கும் மாறாது, லத்தீன் அமெரிக்காவில் எங்கும் செல்லும்.

சுண்டல்:
ஒலி விஷயத்தில் கணக்குப்பிள்ளை சொன்னதை ஏற்கிறேன், ஆனால் முழுக்க இல்லை. இரண்டு உயிருக்கு நடுவில் ஸ்பானிஷ் ‘த’ (மெல்லியது) நம் ‘அது’ என்பதில் வருகிற த மாதிரியேதான் ஒலிக்கும். ஆங்கில வழியில் போய் ‘டெங்கோ’, ‘டூ’ என்று ட போடுகிறவர்களுக்குத்தான் அது அந்நியம். நாக்கு நுனி பல்லைத் தொட வேண்டும், நமக்கு அது பிறவிப் பழக்கம். ர, ற கதையும் அப்படித்தான். ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெறோ’ என்றால் நாய். எழுத்தில் நாம் காப்பாற்றி வைத்திருக்கிற வேறுபாடு பேச்சில் பல ஊர்களில் போய்விட்டது, ஆனால் நாக்கை நாலு தடவை உருட்டினால் வந்துவிடும். சொல்லின் முதலில் வரும் ர எப்போதும் உருளும் ற தான். ராஜா அங்கே போனால் ‘றாஹா’.

வைகைக்கரை:
கேட்டது ஒரு வரி, கிடைத்தது ஒரு வகுப்பு. நன்றி. இரண்டு சந்தேகம். ‘சோய்’ எப்போது, ‘எஸ்தோய்’ எப்போது? செயலியில் ‘நிரந்தரம், தற்காலிகம்’ என்று ஒரு விதி வருகிறது. அது சரியா? அப்புறம், என் பெயரை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

கணக்குப்பிள்ளை:
நிரந்தரம் தற்காலிகம் விதியை நம்பி ரொம்ப தூரம் போக முடியாது. கல்யாணம் ஆனவர் ‘எஸ்தோய் கசாதோ’ என்பார். கல்யாணம் தற்காலிகமா? (வீட்டில் யாரும் இதைப் படிக்கவில்லை என்று நம்புகிறேன்.) மதுரை வைகைக் கரையில் இருப்பதும் தற்காலிகம் இல்லை, ஆனால் இடத்தைச் சொல்ல எஸ்தா என்றுதான் வரும்.

தமிழில் வினையே இல்லாமல் முடியும் இடத்தில் ‘சோய்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்: நான் ஜெயவேல், நான் பொறியாளர், நான் மதுரைக்காரன். ‘இரு’ என்ற வினை வரும் இடத்தில் ‘எஸ்தோய்’: மதுரையில் இருக்கிறேன், நலமாக இருக்கிறேன், களைப்பாக இருக்கிறேன். இதுவும் எல்லா இடத்திலும் செல்லாது. ‘உயரமாக இருக்கிறேன்’ என்று நாம் சொல்வோம், அவர்கள் ‘சோய் அல்தோ’ என்பார்கள். ஆனால் அறிமுகப் பேச்சு அளவுக்குப் பெரும்பாலும் கைகொடுக்கும். சுண்டல் சந்தோஷப்படட்டும், இந்த ஒரு இடத்தில் தமிழ் வழி நன்றாகவே போகிறது.

ஒரு எச்சரிக்கை: ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டால் ‘பியென்’ (நலம்) என்று சொல்லுங்கள். ‘எஸ்தோய் புவெனோ’ என்றால் ‘நான் செம கட்டை’ என்று நீங்களே சான்றிதழ் கொடுத்த மாதிரி. அதேபோல ‘கசாதோ’ கல்யாணமானவர், ‘கன்சாதோ’ களைத்தவர். நடுவில் ஒரு ன் தான்.

மத்ரித்வாசி:
பெயர் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு நிறைய சொல்ல இருக்கிறது.

அவர்கள் உங்கள் பெயரை முதலில் எழுத்தில்தான் பார்ப்பார்கள், அதைத் தங்கள் விதிப்படி வாசிப்பார்கள். ஜெ-யின் முதல் எழுத்து அங்கே ‘ஹ’, ஸ்பெயினில் தொண்டையிலிருந்து கொஞ்சம் கரகரப்பாக வரும். வ என்று நாம் எழுதும் எழுத்து ‘ப’ போல மெல்லியதாக ஒலிக்கும். ஆக ஜெயவேல் ‘ஹெயபெல்’ ஆவார். விஜய் ‘பிஹாய்’. நம்மூர் ஹரிக்கு நேர்மாறான கதி: அவர்களுக்கு அந்த எழுத்து ஊமை, அதனால் ‘அரி’. ஹரிணி ‘அரினி’. வள்ளி என்று இரட்டை ‘எல்’ போட்டு எழுதினால் ‘பாயி’ என்று வாசிப்பார்கள், மெ யாமோவில் ‘யா’ வருகிற அதே எழுத்து. ஸ்நேகா என்றால் முன்னால் ஒரு எ சேர்ந்து எஸ்னே… என்று போகும். அதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை, இஸ்கூலுக்குப் போனவர்கள்தானே நாம். ஷாந்திக்குக் கொஞ்சம் வேடிக்கை. ‘ஷ’ அவர்கள் மொழியில் இயல்பாக இல்லாததால் சிலர் வாயில் ‘சாந்தி’ என்று வரும், அதைக் கேட்டால் ‘சான்தி’ மாதிரி இருக்கும். அது சான்தியாகோ என்ற ஆண் பெயரின் செல்லச் சுருக்கம்.

என் யோசனை: பெயரை மாற்றிக்கொள்ள வேண்டாம். நிறுத்தி, தெளிவாக ஒரு முறை சொல்லுங்கள், பிறகு எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள். ‘கோமோ செ எஸ்க்ரீபே’ (எப்படி எழுதுவது) என்று கட்டாயம் கேட்பார்கள். எழுத்துகளின் ஸ்பானிஷ் பெயரைத் தன்னறிமுகத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். ஜெயவேலுக்கு: ஹோதா, எ, யெ, அ, ஊபெ, எ, எலெ. மெக்சிகோவில் அந்த ஊபெயை ‘பெ சீகா’, அதாவது சின்ன பெ, என்று சொன்னால் இன்னும் சுலபமாகப் புரியும்.

இனிஷியல் பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்கெஸ் என்றால் கார்சியா அப்பா வழி, மார்கெஸ் அம்மா வழி. கார்சியாவை நடுப்பெயர் என்று நினைத்து அவரை வெறும் மார்கெஸ் என்று சுருக்குவது நம் பக்கத்துப் பழக்கம். பிக்காசோ தன் அப்பாவின் ரூயிஸை விட்டுவிட்டு அம்மாவின் பிக்காசோவை வைத்துக்கொண்டவர். ஸ்பெயினில் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அம்மா பெயரையும் முதலில் வைக்கலாம். கல்யாணமானாலும் பெண்கள் பெயரை மாற்றுவதில்லை. இந்த ஏற்பாட்டுக்குள் ஒற்றை இனிஷியலோடு நாம் போய் நின்றால் படிவம் நிரப்புகிறவர் முழிப்பார். பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதையே சொல்லுங்கள். வாய்மொழி அறிமுகத்துக்கு ஒரே பெயர் போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கள்ளிச்செடி:
மெக்சிகோவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. அழைப்பில் நீங்கள் சொல்லப்போகும் நாலு வரியைவிட, நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்குத்தான் மதிப்பு. ‘இ தூ?’ (நீ?) என்று திருப்பிக் கேளுங்கள். ‘அ கெ தெ தெதீகாஸ்’ என்று யாராவது உங்களைக் கேட்டால் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று பொருள். காதில் சரியாக விழவில்லை என்றால் ‘கே?’ என்று மட்டும் கேட்காதீர்கள், கொஞ்சம் முரட்டுத்தனம். மெக்சிகோவில் ‘மாந்தே?’ என்பது பணிவான ‘என்னங்க?’. ‘மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபாபோர்’ என்றால் இன்னும் மெதுவாக, தயவுசெய்து.

தொழிலைச் சொன்னதும் ‘இன்ஹெனியெரோ’ என்றோ சுருக்கமாக ‘இன்ஹே’ என்றோ உங்களைக் கூப்பிட ஆரம்பித்தால் ஆச்சரியப்படாதீர்கள். இங்கே படிப்பே பட்டப்பெயர்.

சுண்டல்:
‘இ தூ’ என்று சட்டென்று நீ போட்டுப் பேசலாமா? நம் ஆள் புதியவர். ‘உஸ்தெத்’ (நீங்கள்) போடுவதுதானே மரியாதை? ‘கோமோ செ யாமா உஸ்தெத்’ (உங்கள் பெயர் என்ன) என்று கேட்டால் யாருக்கும் மனம் நோகாது.

மத்ரித்வாசி:
ஸ்பெயினில் இப்படி உஸ்தெத் போட்டால் எதிரில் இருப்பவர் “எனக்கு அவ்வளவு வயதாகிவிட்டதா?” என்பார். நாற்பது வயதுக் கடைக்காரர்கூட நம்மை தூ என்றுதான் கூப்பிடுவார். தூ என்பதை நம்முடைய நீ என்று எடுத்துக்கொண்டால் தவறாகப் போகும். அதில் நெருக்கம் உண்டு, அவமரியாதை இல்லை.

கள்ளிச்செடி:
ஸ்பெயினை வைத்து மொத்த உலகத்தையும் அளக்காதீர்கள். 20 நாடுகளில் ஆட்சிமொழி அது. கொலம்பியத் தலைநகர் பொகோதாவில் சொந்தக்காரர்களுக்குள்ளேயே உஸ்தெத் புழங்கும் வீடுகள் உண்டு. கோஸ்தா ரிக்காவில் நண்பர்களுக்கும் உஸ்தெத். அர்ஜென்டினாவிலோ தூவும் கிடையாது, ‘போஸ்’: ‘தெ தோந்தெ சோஸ்’ என்று ஊரைக் கேட்பார்கள். அங்கே ‘மெ யாமோ’ கூட ‘மெ ஷாமோ’ ஆகிவிடும். குவாதலஹாராவில் ஒத்த நிலையில் இருக்கும் சக ஊழியர்களுக்குத் தூ. வயதில் பெரியவர், வாடிக்கையாளர் என்றால் உஸ்தெத்தில் ஆரம்பித்து, அவர்கள் தூ போட்டதும் நாமும் இறங்கிக்கொள்ளலாம்.

சுண்டல்:
பெரியவருக்கு உஸ்தெத் என்ற வரையில் நான் சொன்னதும் அதுதான்.

புத்தகப்புழு:
தேர்வு எழுத நினைப்பவர்களுக்காக: தெலே என்பது ஸ்பானிஷ் மொழித் தகுதித் தேர்வு, ஏ1 அதில் தொடக்க நிலை. அந்த ஏ1 வாய்மொழித் தேர்வின் முதல் பகுதியே தன்னறிமுகம்தான். ஒன்றிரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும், அதற்கு முன் தயார் செய்ய நேரம் தருவார்கள். தேர்வை வைத்து நடத்துவது செர்வான்தெஸ் நிறுவனம், இந்தியாவில் அவர்களுக்குப் புது டெல்லியில் மையம் இருக்கிறது. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித் தரநிலைகளிலேயே, தன்னையும் மற்றவர்களையும் அறிமுகம் செய்யத் தெரிவது ஏ1-க்கு உரிய திறமை என்று எழுதியிருக்கிறது. ‘மற்றவர்களையும்’ என்பதைக் கவனியுங்கள். பலர் தன்னைப் பற்றி மட்டும் ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்று, ‘நான் இந்தியன்’ என்பதைச் சொல்ல ‘இந்தியோ’ என்றால் லத்தீன் அமெரிக்காவில் அந்த மண்ணின் பழங்குடியினரை நினைப்பார்கள். அதைத் தவிர்க்கப் பலர் நம்மை ‘இந்தூ’ என்பார்கள், நீங்கள் எந்த மதமாக இருந்தாலும். இரண்டு வம்பும் வேண்டாம் என்றால் ‘சோய் தெ லா இந்தியா’ என்று சொல்லிவிடுங்கள்.

வைகைக்கரை:
எல்லோர் சொன்னதையும் சேர்த்துத் திருத்தியிருக்கிறேன். இந்த முறை ஸ்பானிஷ் எழுத்தில் எழுதிப் படித்துவிட்டேன், உங்களுக்காக மட்டும் தமிழில்:

“புவெனோஸ் தீயாஸ். மெ யாமோ ஜெயவேல். சோய் தெ மதுரை, என் எல் சூர் தெ லா இந்தியா. சோய் இன்ஹெனியெரோ. ஆப்லோ தமில், இங்லேஸ் இ உன் போகோ தெ எஸ்பாஞோல். மெ குஸ்தா எல் கஃபே. முச்சோ குஸ்தோ.”

புதிதாக வந்தவை: ‘புவெனோஸ் தீயாஸ்’ காலை வணக்கம், ‘என் எல் சூர் தெ லா இந்தியா’ இந்தியாவின் தெற்கில், ‘ஆப்லோ…’ வரி தமிழ், ஆங்கிலம், கொஞ்சம் ஸ்பானிஷ் பேசுகிறேன். வயதை எடுத்துவிட்டேன். அலுவலகத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?

கள்ளிச்செடி:
அருமை. ‘தமில்’ என்றதும் யாராவது சிரித்தால் பயப்பட வேண்டாம், ‘தமால்’ என்று இங்கே ஒரு சாப்பாடு இருக்கிறது, மக்காச்சோள மாவை இலையில் வைத்து அவிப்பது. ‘புவெனோஸ் தீயாஸ்’ அந்தப் பக்கம் காலையாக இருக்கும்போது கூப்பிட்டால் சரி, நம் இந்திய மாலை நேரம் அவர்களுக்குக் காலை. நம் காலையில் கூப்பிட்டால் ‘புவெனாஸ் தார்தெஸ்’ (மாலை வணக்கம்) அல்லது ‘நோச்செஸ்’ (இரவு வணக்கம்) தேவைப்படும். அவர்களுடைய கடிகாரத்தைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள்.

நல்லூர்க்குயில்:
நான் யாழ்ப்பாணம், இப்ப குடும்பத்தோடு பார்சலோனாவுக்கு வந்திருக்கிறோம். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கு. வாசலில் மற்றத் தாய்மாரோடு கதைக்க வேணும், என்னோடு வரும் கணவரையும் மாமியாரையும் எப்படி அறிமுகம் செய்யிறது? ஸ்ரீ லங்கா என்று சொன்னால் விளங்குமா?

மத்ரித்வாசி:
விளங்கும் அக்கா. ‘சோய் தெ ஸ்ரி லன்கா’ என்றாலே போதும், சிலர் முன்னால் ஒரு எ வைத்துத் திருப்பிச் சொல்வார்கள். ‘எஸ்ரிலன்கேசா’ என்று ஒரு சொல் அகராதியில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிச் சிரமப்பட வேண்டியதில்லை.

கணவரைக் காட்டி ‘எஸ்தெ எஸ் மி மரீதோ’. மெக்சிகோ, கொலம்பியா பக்கம் என்றால் மரீதோவைவிட ‘எஸ்போசோ’ அதிகம் கேட்கும். மாமியார் பெண் என்பதால் எஸ்தெ மாறி ‘எஸ்தா எஸ் மி சுவேக்ரா’. கொஞ்சம் முறையாக வேண்டும் என்றால் ‘தெ பிரெசென்தோ அ மி சுவேக்ரா’. நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ‘அ’-வை விட்டுவிடாதீர்கள், ஆளைச் செயப்படுபொருளாக்கும்போது அது வர வேண்டும், நம் ‘ஐ’ உருபு செய்யும் வேலைதான்.

பள்ளி வாசலில் உங்கள் பெயரைவிட உதவுவது ‘சோய் லா மாத்ரே தெ…’ என்று தொடங்கி மகளின் பெயரைச் சொல்வது. அங்கும் எல்லோரும் பிள்ளையின் பெயரால்தான் தாயை ஞாபகம் வைக்கிறார்கள். பெண்களுக்குள் முதல் சந்திப்பிலேயே கன்னத்தோடு கன்னம் வைத்து இரண்டு முத்தம் கொடுப்பது வழக்கம், யாராவது முகத்தை நீட்டினால் திடுக்கிட வேண்டாம்.

ஆனால் ஒன்று. நீங்கள் இருப்பது பார்சலோனா, அங்கே பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் அந்தப் பகுதியின் சொந்த மொழியான காத்தலான்தான். ஆசிரியை ‘எம் திக்…’ என்று ஆரம்பித்தால் அது அவர்களுடைய ‘மெ யாமோ’. பிள்ளை கொஞ்ச நாளில் அதைப் பிடித்துக்கொள்வாள். நீங்கள் வாசலில் ஸ்பானிஷில் பதில் சொன்னால் போதும், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.